புதிதாக ஒன்றைத் தொடங்குவது பற்றி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் திருகோணமலையிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, ஒரு புதிய பொழுதுபோக்கைப் பழகுவதால் வாழ்க்கை உண்மையிலேயே மாறுமா என்ற கேள்வியையே சுற்றி வந்தன. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது கடிதத்துக்கு நீளமாகவே எழுதுகிறேன். அந்த நிலையில் இருப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர்.

கேள்வி: 32 வருடங்கள் ஆரம்பப் பிரிவில் கற்பித்துவிட்டுச் சென்ற வருடம் இளைப்பாறினேன். அதற்கு முந்திய வருடம் கணவர் காலமானார். மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள், மகன் கொழும்பில். இப்போதும் அதிகாலை நான்கரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது; ஆனால் எழுந்து போவதற்கு ஓரிடம் இல்லை. “ஏதாவது ஒன்றைப் பழகுங்கோ அம்மா” என்று மகள் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். சிறுவயதில் தம்பலகாமத்து வயல் வரம்பில் அப்பாவோடு நின்று பறவைகளைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைக்கு ஐந்து பறவைகளின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. 61 வயதில், முழங்கால் நோவோடு, இதைத் தொடங்கி என் வாழ்க்கையில் என்ன மாறிவிடப் போகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: அன்பின் ரீச்சர், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் இருந்த இடத்தை எந்தப் பொழுதுபோக்கும் நிரப்பாது. நிரப்பும் என்று எவராவது ஆறுதலுக்குச் சொன்னாலும் அதை நம்பித் தொடங்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தபோது, அதில் இரண்டு இழப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாக எனக்குப் பட்டது. ஒன்று கணவரின் பிரிவு. மற்றையது, பாடசாலை மணி அடிக்கும் நேரத்தில் உங்களை எதிர்பார்த்து ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் இருந்தார்களே, அந்த எதிர்பார்ப்பு. முதலாவது துயரம் தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதற்கு வழி இருக்கிறது. அதைப் பற்றி என்னால் உறுதியோடு பேச முடியும்.

உண்ணவும் உறங்கவும் முடியாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்காகக் கிடக்கும் நிலை ஒருவருக்கு இருந்தால், அது வைத்தியரிடம் சொல்லவேண்டிய விடயம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். உங்கள் எழுத்தில் அந்த நிலை தெரியவில்லை. இதைப் படிக்கும் வேறொருவருக்கு உதவட்டும் என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

மனம் கொஞ்சம் தெளியட்டும், அதன் பிறகு எதையாவது தொடங்கலாம் என்று காத்திருப்பது நம்மில் பலருடைய வழக்கம். பீட்டர் லூவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரைச் சார்ந்தவர்களும் 1970களில் இதற்கு மறுதலையான வழியைக் காட்டினார்கள். சோர்ந்த மனம் மனிதரைச் செயல்களிலிருந்து ஒதுக்குகிறது, செயல்கள் குறையக் குறைய மகிழ்ச்சி தரும் அனுபவங்களும் அற்றுப்போய்ச் சோர்வு மேலும் கூடுகிறது; ஆகவே விருப்பம் வரும்வரை பொறுத்திராமல், சிறிய செயல்களை நேரம் குறித்துச் செய்யத் தொடங்கினால், விருப்பம் பின்னால் வந்து சேரும் என்பது அவர்கள் கண்ட வழி. இன்றைக்கும் மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் அதற்கு இடமுண்டு. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், சீனா ஆகியவற்றோடு 12 ஐரோப்பிய நாடுகளையும் சேர்த்து, 65 வயதைக் கடந்த 93,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலும், பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும் வாழ்வில் நிறைவு கூடுதலாகவும் இருந்தமை தெரியவந்தது. உடலும் மனமும் நன்றாக உள்ளவர்களே பொழுதுபோக்கை நாடுகிறார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். அந்த ஐயத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இத்தனை வேறுபட்ட நாடுகளில் விளைவு ஒரே பக்கம் சாய்ந்திருப்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி, பறவைகளுக்கு வருவோம். உங்கள் விருப்பத்தை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டு, அதை ஒரு பழைய நினைவு என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறீர்கள். ஒதுக்க வேண்டாம். இதற்கு உங்கள் ஊரைவிட வசதியான இடம் குறைவு. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிர்காலத்தில் தெற்கு நோக்கி வரும் வலசைப் பறவைகளுக்கு இலங்கை ஒரு கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே அவை இறங்குவதற்குப் பெருநிலம் ஏதும் இல்லை. ஆவணி கடைசியில் வரத் தொடங்கி, பங்குனி சித்திரை வரை தங்குகின்றன. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய கடற்கரையில், நனைந்த மணலில் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, குனிந்து எதையோ கொத்திவிட்டு மறுபடி ஓடும் சின்னஞ்சிறு உப்புக்கொத்திகள் சில, இமயத்துக்கு அப்பால் திபெத்து மேட்டுநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவையாக இருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தக் கடற்கரை பழைய கடற்கரையாக இருக்காது.

தொடங்குவதற்குக் கொக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பலகாமத்து வயலில் வெள்ளையாக நிற்பதையெல்லாம் நாம் கொக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உண்மையில் அங்கே நான்கு வகை நிற்கின்றன. மாடுகளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் பின்னால் திரிவது உண்ணிக்கொக்கு; கழுத்தும் அலகும் கட்டையானவை, அலகு மஞ்சள்; இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறும். அலகும் காலும் கறுப்பாக இருந்து, விரல்கள் மாத்திரம் மஞ்சளாக இருப்பது சின்னக் கொக்கு. அது ஒரு காலைச் சேற்றுக்குள் விட்டு மெல்ல நடுக்கி, கலங்கி வெளியே வரும் மீன்குஞ்சைப் பிடிக்கும். காலைத் தூக்கும்போதுதான் அந்த மஞ்சள் விரல்கள் கண்ணுக்குப் படும். மற்ற இரண்டையும் பிரித்தறிவது சற்றுக் கடினம். பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இந்த நான்கையும் ஐயமின்றிப் பிரித்தறிய உங்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். அந்த வாரங்கள் உங்களுக்குள் செய்யும் வேலையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடுத்த நாள் போய்ப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று மனதில் இருக்கும். அதிகாலை நான்கரை விழிப்பு அப்போது பாரமாகத் தெரியாது, பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இருப்பதும் விடிந்து முதல் ஒரு மணி நேரத்திலேதான்.

முழங்கால் நோவுக்காகத் தயங்க வேண்டாம். நடந்து தேடுபவரைக் காட்டிலும், ஒரே இடத்தில் கதிரை போட்டு அசையாமல் இருப்பவருக்குப் பறவைகள் கிட்ட வரும். முதல் சில மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள், ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் போதும். திகதி, நேரம், இடம், பருமன், அலகின் வடிவம், காலின் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றை எழுதுங்கள். 32 வருடம் வரவுப் பதிவேடு எழுதிய கைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆர்வம் நிலைத்துவிட்டது என்று தெரிந்தபின் இருகண் தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 என்று குறிக்கப்பட்டதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர். அதைவிடக் கூடிய உருப்பெருக்கத்தில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் என்ற இலவசச் செயலியில் உங்கள் பதிவுகளைச் சேர்க்கலாம். உலகெங்கும் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கொப்பியிலுள்ள ஒரு வரி அப்படி எவருக்கோ தேவைப்படுவது சிறிய விடயம் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கப்பட்ட களப் பறவையியல் குழு இன்றும் இயங்குகிறது. மகனைப் பார்க்கக் கொழும்புக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

மழைக்காலம் நெருங்கும்போது வீட்டு வளவின் நிழலான மூலையையும் கவனியுங்கள். ஐப்பசியில் வந்திறங்கும் ஆறுமணிக்குருவி, நீண்ட பறப்பின் களைப்பில் சில வேளைகளில் வீட்டு முற்றத்திலேயே சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும். கட்டை வால், பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு. பூனை நெருங்காமல், நிழலான இடத்தில் தொந்தரவின்றி விட்டால், பெரும்பாலும் தானாகவே தேறிப் பறந்துவிடும்.

அயலவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதுவும் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் கிழமை கேட்பார்கள். பிறகு, கொப்பியோடு ஒருவர் தினமும் ஒரே இடத்தில் இருந்தால், பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கும். அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்பது உங்களுக்குத் தெரியும். மகளோடு பேசும்போது, சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்பதோடு முடிந்துவிடும் உரையாடலிலும் புதிதாக ஒன்று வந்து சேரும். ரொறன்ரோவிலும் பறவைகள் வலசை போகின்றன. அங்கே எப்போது வாத்துகள் தெற்கே கிளம்புகின்றன என்று அவளைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 36 வயது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாது. சுனாமி வந்தபோது பாடசாலை மாணவன். அதன் பிறகு எங்கள் வீட்டில் எவரும் கடலில் இறங்குவதில்லை. இப்போது என் ஏழு வயது மகள் கடலில் குளிக்கக் கேட்கிறாள். நீச்சல் பழகலாம் என்று நினைக்கிறேன். ஆனால் கிற்றார், உடற்பயிற்சி, வீட்டுத்தோட்டம் என்று நான் தொடங்கிய எதுவும் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. இதுவும் அப்படி ஆகிவிடுமோ என்று வெட்கமாக இருக்கிறது.
– அரச உத்தியோகத்தர், திருகோணமலை நகர்

பதில்: தம்பி, கிற்றாரும் வீட்டுத்தோட்டமும் நிலைக்காததற்குக் காரணம் உங்கள் சோம்பல் என்று நான் எண்ணவில்லை. அவற்றை நீங்கள் கைவிட்டபோது வீட்டில் எவருக்கும் எந்தக் குறையும் ஏற்படவில்லை. நீச்சல் அப்படியில்லை, அதற்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள், அதன் பின்னால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி முதல் உங்கள் குடும்பம் சுமக்கும் அச்சமும் இருக்கிறது. ஆகவே இது ஒரு கோடைக்காலத்துப் பொழுதுபோக்காகத் தொடங்கினாலும், உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையிலான உறவையே மாற்றக்கூடியது.

ஒரு மாதத்தில் பழக்கம் பதியவில்லை என்று மனம் தளர்பவர்களுக்கு நான் வழமையாக எடுத்துக்காட்டுவது, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு. 96 பேர் தாம் தெரிந்தெடுத்த ஒரு செயலை நாளாந்தம் ஒரே சந்தர்ப்பத்தில் செய்துவந்தார்கள். அது தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுக்கும் என்று கணிக்கப்பட்டது. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாட்கள் வரை செல்லும் என்றது கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறிப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு மாத முடிவில் நீங்கள் கைவிட்டவை, பெரும்பாலும் பாதி வழியில் நின்றவையே.

நம்முடைய கிழக்குக் கடலுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை எழுந்துவிட்டால் பழகுவதற்கு இறங்கக்கூடாது. சித்திரையில் தொடங்கினால் அந்த 66 நாட்களுக்கு இரண்டு மடங்கு அவகாசம் கிடைக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலோ, குடாவுக்குள் ஒதுங்கியிருக்கும் மாபிள் பீச்சிலோ, உயிர்காப்பாளர் நிற்கும் நேரத்தில், பழக்குபவர் ஒருவரோடு மட்டும் இறங்குங்கள். நண்பர்களோடு குடித்துக் கும்மாளமிடும் பயணத்தில் நீச்சல் பழக முயன்று உயிரை விட்டவர்களைப் பற்றி நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

முதல் நாட்களில் கையையும் காலையும் அடிக்க அவசரப்பட வேண்டாம். இடுப்பளவு நீரில் நின்று, முகத்தைத் தாழ்த்தி, மூக்கால் மெதுவாகக் காற்றை விடப் பழகுங்கள். அச்சமுள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கிக்கொள்வார்கள். அதனால் உடல் விறைத்துவிடும். அடுத்து, மல்லாந்து மிதத்தல். நுரையீரல் நிறைந்திருக்கும் மனித உடல் பெரும்பாலும் நீரைவிடச் சற்று இலேசானது. கடல்நீரோ உப்பினால் நன்னீரைவிட அடர்த்தி கூடியது. ஆகவே கடல் உங்களைத் தாங்கும், தலையை உயர்த்தாத வரையில். பயத்தில் தலையைத் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும். காது நீருக்குள் இருக்கும்படி பின்னால் சாய்ந்தால் கால் மேலே வரும். பழக்குபவரின் உள்ளங்கை உங்கள் முதுகின் கீழ் இருந்து, நீங்கள் அறியாமலே விலகியிருக்கும் அந்தக் கணம், இத்தனை வருட அச்சம் முதன்முறையாகத் தளரும் கணம். அதுவரை பொறுமையாக இருங்கள்.

இன்னொன்றையும் மறவாமல் பழகிக்கொள்ளுங்கள். கரையில் உடையும் அலைநீர் திரும்பிப் போகும்போது சில இடங்களில் ஒடுங்கிய ஓட்டமாகக் கடலை நோக்கி இழுக்கும். அலைகளுக்கிடையே அமைதியாகத் தெரியும் இடமே பல வேளைகளில் அந்த இழுவை உள்ள இடம். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அதன் அகலத்தைக் கடந்த பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். மகளுக்கு நீச்சலைப் பழக்கும்போது இதையும் சேர்த்தே பழக்குங்கள்.

நீருக்குள் இறங்கியதால் வாழ்க்கையே திசைமாறிய ஒருவரின் கதை நம்முடைய சுவாமி மலையோடு தொடர்புள்ளது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், சுழியோடுவதில் கொண்ட ஆசையால் 1956இல் இங்கிலாந்தை விட்டு இலங்கையில் குடியேறினார். அதே வருடம் அவரும் தோழர் மைக் வில்சனும் கோணேசர் கோயிலின் மலையடிவாரத்தில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டு, படம் எடுத்து உலகுக்கு அறிவித்தார்கள். கிளார்க் 2008இல் இறக்கும் வரை இந்த நாட்டிலேயே வாழ்ந்தார். அவருடைய தொழில் எழுத்து. அவரை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சுழியோடும் ஆசை.

கேள்வி: என் கணவர் இரண்டு வருடங்களாகப் புகைப்படம் எடுக்கப் பழகுகிறார். முன்பு வேலை விட்டு வந்தால் யாரோடும் பேசாமல் இருந்தவர், இப்போது கலகலப்பாக இருக்கிறார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் இல்லை, தவணைக் கட்டணத்தில் இரண்டாவது வில்லையும் வாங்கிவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்து அந்தக் கடனை அடைக்கலாம் என்கிறார். தடுப்பதா, விடுவதா?
– குடும்பத்தலைவி, சாம்பல்தீவு

பதில்: சகோதரி, தடுக்க வேண்டாம், எல்லை வையுங்கள். பேசாதிருந்தவரைப் பேசவைத்த ஒன்றைப் பறித்தால், அவர் பழைய மௌனத்துக்கே திரும்பக்கூடும். ஆனால் ஞாயிறு முழுவதையும் வீட்டுக் காசையும் கேள்வியின்றி எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை. ஒருவருடைய பொழுதுபோக்குக்கான நேரத்தையும் பணத்தையும் வீட்டிலுள்ள மற்றவர் சுமக்கிறார் என்றால், அதில் அவருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். என்னுடைய கருத்தில் இது விட்டுக்கொடுக்கக்கூடாத ஒன்று.

கல்யாண வீட்டு யோசனைக்கு நான் அவசரப்பட்டுச் சம்மதிக்க மாட்டேன். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் அமெரிக்காவில், இயல்பாகவே படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளை வைத்துச் செய்து 1973இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், சில நாட்களின் பின் சுதந்திரமாக விடப்பட்டபோது, மற்றப் பிள்ளைகளைவிட மிகக் குறைவான நேரமே வரைதலில் செலவிட்டார்கள். பெரியவர்களின் வருமானத்தை அதனோடு அப்படியே ஒப்பிட முடியாது. புகைப்படக்கலையை மனநிறைவோடு தொழிலாகச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் கடனை அடைப்பதற்காக, மணமக்களின் உறவினர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, நள்ளிரவு வரை நின்று எடுக்கும் படங்கள், அவரை மீட்டெடுத்த அந்த ஆசையையே தின்றுவிடலாம்.

இருவரும் உட்கார்ந்து மூன்று விடயங்களை மட்டும் முடிவு செய்யுங்கள். தற்போதுள்ள தவணை கட்டி முடியும்வரை புதிதாக எதுவும் வாங்குவதில்லை. தேவையானால் நண்பர்களிடம் இரவல் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதத்தில் இரண்டு அவருக்கு, இரண்டு வீட்டுக்கு. மூன்றாவதாக, வீட்டுக்குரிய ஞாயிறு ஒன்றில் நீங்களும் பிள்ளைகளும் அவரோடு போங்கள். காலை வெயில் ஏறுமுன் கோட்டைக்குள் போனால், கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் மரநிழலில் நிற்கும். பிள்ளைகளுக்கும் பிடிக்கும், அவருக்கும் நல்ல வெளிச்சம் கிடைக்கும். தவணைக்குரிய தொகையை மாத வரவுசெலவுக் கொப்பியில் நீங்களே எழுதிவையுங்கள். கடைசித் தவணை எந்த மாதத்தில் முடிகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.